சுரங்கம் இல்லாத ஊரில் ஒரு சுரங்கக்காரன்

சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் என் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "அங்க என்னப்பா தோண்டறாங்க, தங்கமா, கரியா?" இரண்டும் இல்லை, ரயிலுக்கு வழி வெட்டுகிறார்கள் என்றேன். எவ்வளவு ஆழம் என்றார். இருபது, முப்பது மீட்டர் இருக்கும் என்றேன். "அது கிணறுப்பா" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர். அவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு ஆழம்தான் அந்தஸ்து. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்த பிறகு, வடஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன குடும்பங்கள் அங்கிருந்த லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு முன்பே எங்களுக்கு விளக்கு எரிந்தது என்று இன்றைக்கும் பெருமை பேசுவோம். பெருமைக்கு விலையும் உண்டு. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். தெருவே வந்து நிற்கும். ஆஸ்பத்திரி வண்டி எந்த ஷாப்ட் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சு வரும்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் மைனிங் இன்ஜினியரிங் படிக்கப் போனால் யாரும் மகிழ்ந்து வழியனுப்ப மாட்டார்கள். நான் தன்பாத் போனேன். வெள்ளைக்காரன் காலத்தில், 1926இல், லண்டன் ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸைப் பார்த்துத் தொடங்கிய கல்லூரி அது. பாடம் அங்கே படித்தேன். தொழிலைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை, ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்த ஒரு வயதான சர்தார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் சர்தார் என்பது சட்டப்படியான பதவி. ஷிப்ட் தொடங்குமுன் தனக்குரிய பகுதியை அவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். கையில் ஒரு கம்பு. அதன் முனையால் கூரையைத் தட்டுவார், மற்றொரு கை விரல்களைக் கூரையில் வைத்துக்கொள்வார். பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். நல்ல கூரை கணீரென்று சொல்லும். மேலே அடுக்குப் பிரிந்திருந்தால் சத்தம் உள்ளே விழுந்து செத்துப்போகும், விரலில் ஒரு அதிர்வு தெரியும். முதல் மாதம் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக் கூரையில் வைத்துக்கொண்டே தட்டினார். ஒருநாள் ஓரிடத்தில் தட்டிவிட்டு ஆட்களை வெளியே போகச் சொன்னார். உற்பத்தி போகிறது என்று மேலதிகாரி கத்தினார். சர்தார் பதில் சொல்லவில்லை, வாசலில் வேலி போட்டுவிட்டு உட்கார்ந்து பீடி தேடினார் (உள்ளே பீடி கொண்டுபோகவே முடியாது, கை மட்டும் பழக்கத்தில் தேடியது). ஆபத்து என்று பட்டால் ஆட்களை வெளியேற்றும் கடமை அவருக்குச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. மேலதிகாரி அவரை மீறி ஆட்களை உள்ளே அனுப்பியிருந்தால் மாட்டிக்கொள்வது மேலதிகாரிதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் என் பிற்கால வேலை முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடியது. இந்தியச் சுரங்கச் சட்டம் ஒரு ஏணி வைத்திருக்கிறது. கூலியாகச் சேர்ந்தவர் பரீட்சை எழுதி சர்தார் ஆகலாம், உலோகச் சுரங்கமானால் மேட் ஆகலாம். பிறகு ஓவர்மேன் அல்லது போர்மேன், பிறகு இரண்டாம் வகுப்பு மேலாளர், முதல் வகுப்பு மேலாளர். சான்றிதழ் தருவது தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், கம்பெனி இல்லை. ஆகவே கம்பெனியால் அதைப் பிடுங்கவும் முடியாது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலாவில் தண்ணீர் புகுந்து 375 பேர் இறந்த பிறகு வளர்ந்த தலைமுறை நாங்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் பக்கம் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்ற இன்ஜினியர் ஒரு இரும்புக் குழாய்க் கூண்டைச் செய்யவைத்து, துளை போட்டு, அதில் தானே முதலில் இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். எங்கள் பகுதி முழுக்க அதே பேச்சு. எனக்கு அப்போது புரிந்தது இவ்வளவுதான்: இந்தத் தொழிலில் தலைமை என்பது கீழே இறங்குகிற வேலை.

முதல் வகுப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தங்கவயலுக்கே திரும்பினேன். அப்போது சுரங்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே வந்தது, இறைப்புச் செலவும் குளிரூட்டும் செலவும் ஏறிக்கொண்டே போயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். நான் அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டேன். சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதைக்குச் சுரங்கப்பாதை தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

சிங்கப்பூர் மண்ணைப் பற்றிச் சித்தப்பா நினைத்தது தப்பு. ஆழம் குறைந்தால் வேலை சுலபம் என்று யார் சொன்னது? தங்கவயலில் பாறை ஒரே குணம். கோபம் வந்தால் வெடிக்கும், அவ்வளவுதான். இந்தச் சின்னத் தீவில் நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கிரானைட், மேற்கில் ஜூரோங் படிவப் பாறை, கிழக்கில் பழைய வண்டல், ஆற்றுப் பள்ளங்களிலெல்லாம் கடல் களிமண். கிரானைட் மேலே மட்கி மண்ணாகி, கீழே இரும்பாக நிற்கும். இரண்டுக்கும் எல்லைக்கோடு சமமாக இருக்காது. சுரங்கப்பாதை குடையும் இயந்திரத்தின் முகத்தில் கீழ்ப்பாதி கல், மேல்பாதி சேறு என்று வந்துவிட்டால் சனி பிடித்தது. கல்லில் முன்னேற முடியாமல் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்க, மேலிருந்து மண் மட்டும் உள்ளே ஒழுகும். தெருவில் குழி விழுந்த பிறகுதான் கணக்கு புரியும்.

அந்தக் கணக்கை எளிமையாகச் சொல்லலாம். இங்கே மெட்ரோ சுரங்கப்பாதையின் உள்விட்டம் வழக்கமாக 5.8 மீட்டர். கான்கிரீட் செக்மென்ட்களைச் சேர்த்துக் கட்டும் ஒரு வளையத்தின் அகலம் 1.4 மீட்டர். ஒரு வளையம் முன்னேற ஏறத்தாழ 45 முதல் 50 கன மீட்டர் மண் வெளியே வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் அது யாருடைய வீட்டு அடியிலிருந்தோ வருகிற மண்.

அந்த வீடுகள் எங்கள் விஷயத்தில் தேக்காவின், அதாவது லிட்டில் இந்தியாவின், கடைவீடுகள். வடகிழக்குப் பாதையின் லிட்டில் இந்தியா நிலையம் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் பஃபலோ சாலை, அதையே மலாயில் சொல்லும் கெர்பாவ் சாலை. எருமை கட்டிய ஊர், எருமை புரள நீர் நின்ற சதுப்பு. தெருப் பெயரைப் படித்தாலே பாதி மண் பரிசோதனை முடிந்தது என்று இளம் இன்ஜினியர்களிடம் சொல்வேன். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த தமிழர்கள் கும்பிட்ட அம்மன். இந்த ஊரை வெட்டியும் சுட்டும் பூசியும் எழுப்பியதில் நம் ஆட்களின் கை இருநூறு வருடமாக இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்கூட இந்தியக் கைதிகள் பூசிய மதராஸ் சுண்ணாம்புதான்.

கடைவீடுகளின் தூண்களில் கண்ணாடிப் பட்டகங்கள் ஒட்டி, மில்லிமீட்டர் கணக்கில் இறக்கம் பார்ப்போம். பகல் முழுக்கக் கீழே. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடையில் தோசைக்காகக் காத்திருக்கும்போது கண் தானாகச் சுவரில் விரிசலைத் தேடும். கடைக்கார அக்கா ஒருநாள், "என்ன சார், பெயிண்ட் அடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் காரணத்தைச் சொல்லவில்லை.

சுரங்கப்பாதை முகப்பில் வேலை செய்தவர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டைப் பக்கம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஊரில் ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி, ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்கள். ஊரில் கிணற்றுக்குள்கூட இறங்கியிருக்க மாட்டார்கள். இரண்டு வருடத்தில் செக்மென்ட் ஏற்றும் இயந்திரத்தை நகக்கண்ணளவு பிசகாமல் ஓட்டுவார்கள்.

கட்டர்ஹெட் எனும் வெட்டுமுகத்துக்குள் போகிற வேலை இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் இவர்கள் யார் என்று தெரியும். இயந்திரத்தின் முகத்தில் இருக்கும் எஃகு வட்டுகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மண் சரியாமலும் நீர் புகாமலும் இருக்க அந்த அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். முதலில் மேன்லாக் என்ற இரும்பு அறையில் உட்கார வேண்டும். கதவு மூடும். காற்று இரைச்சலோடு ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காது வழியாக ஊத வேண்டும், இல்லாவிட்டால் ஊசி குத்தும். அறை சூடேறும், குரல் மூக்கால் வருவதுபோல் மாறிவிடும். அடுத்த கதவைத் திறந்தால் இரண்டடி தூரத்தில் மண் சுவர் ஈரத்தோடு நிற்கும். அதற்கும் நமக்கும் நடுவில் காற்று தவிர வேறு தடுப்பு கிடையாது. அந்த இடத்தில் குனிந்தபடி, ஒரு ஆளால் தூக்க முடியாத வட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்ட் முறுக்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வரும்போது அவசரமே கூடாது. அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்குவார்கள். சீக்கிரம் இறக்கினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டுக்குள் நிற்கும், ஆளை முடக்கிவிடும். இந்த வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை லெம்பு சாலைத் திடலில் காகிதம் விரித்து உட்கார்ந்து ஊருக்கு போன் பேசிக்கொண்டிருப்பார்கள். கடந்து போகிறவர்களுக்குக் கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

ஒரு தம்பி அறந்தாங்கிக்காரர். பெல்ட்டில் மண் வரும் இடத்தில் நின்றுகொண்டு கையை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு இரவு போன் செய்தார். "அண்ணே, மண்ணு வாசனை மாறுது. கழிமுகத்து நாத்தம் அடிக்குது." துளையிட்டுப் பார்த்த வரைபடத்தில் அந்த இடத்தில் கடல் களிமண்ணே இல்லை. இரண்டு துளைகளுக்கு நடுவில் புதைந்த பள்ளம் ஒன்று இருந்தால் காகிதத்துக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், நசுக்கினால் விரலில் ஒட்டும் களி, உள்ளே பொடிப்பொடியாகச் சிப்பி. இயந்திரத்தை நிறுத்தி, முகத்து அழுத்தத்தைக் கூட்டி, மேலே சாலையைக் கண்காணிக்க ஆள் போட்ட பிறகுதான் நகர்ந்தோம். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத இரவுகளுக்கு அறிக்கை எழுதுவதில்லை, ஆகவே அந்தத் தம்பியின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.

நடந்த பகலுக்கு அறிக்கை இருக்கிறது. 2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணி, நிக்கல் நெடுஞ்சாலை. வட்ட ரயில் பாதைக்காக 33 மீட்டர் ஆழம் வரை தோண்டிக்கொண்டிருந்த பள்ளம் சரிந்து, நெடுஞ்சாலையும் கூடவே இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். கிரேன் ஓட்டிய தமிழர் ஒருவரும் அதில் உண்டு. சக ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே மாட்டிக்கொண்ட போர்மேனின் உடல் கிடைக்கவேயில்லை. அடுத்த மாதம் உலகச் சுரங்கப்பாதை மாநாடு சிங்கப்பூரில்தான். மேடையில் என்ன பேசினார்களோ, காபி நேரத்தில் பேசியது இந்த ஒன்றைத்தான்.

விசாரணைக் குழுவின் அறிக்கையை நான் பல தடவை படித்திருக்கிறேன். களிமண்ணின் வலுவைக் கூடுதலாகக் காட்டும் கணக்கு முறை, தாங்கு விட்டங்களும் பக்கவாட்டு விட்டங்களும் சேரும் இடத்தில் பலவீனமான வடிவமைப்பு, அளவுக் கருவிகள் காட்டியதைச் சரியாகப் படிக்காதது என்று காரணங்களை அடுக்குகிறது. இன்ஜினியர்கள் கணக்கைப் பற்றி வாதாடுவார்கள். என் கண் நின்றது வேறு இடத்தில். அன்று காலையிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. ஒன்பதாம் அடுக்கு விட்டங்கள் சேருமிடத்தில் இரும்பு மடங்கியதை ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். கான்கிரீட் ஊற்றிச் சரிசெய்யும் முயற்சியும் தொடங்கியது. பார்த்தவன் கையில் அன்று சர்தாரின் கம்பு இல்லை.

அதற்குப் பிறகு இங்கே நிறைய மாறியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மண் சார்ந்த வேலைக்குத் தனித் தகுதி பெற்ற பொறியாளர் வேண்டும் என்று வந்தது. 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் புதிதாக அமலுக்கு வந்தது. கருவி அளவுகளுக்கு எச்சரிக்கை எல்லை, வேலை நிறுத்த எல்லை என்று இரண்டு கோடு வைத்து, இரண்டாவதைத் தொட்டால் வேலை நின்றே ஆக வேண்டும் என்றானது. டவுன்டவுன் பாதைக்கு லிட்டில் இந்தியாவில் மறுபடி தோண்டியபோது ரோச்சோர் கால்வாயையே இடம் மாற்றித்தான் வேலை நடந்தது. அந்த நிலையம் 2015 டிசம்பர் 27 அன்று திறந்தது. பென்கூலன் நிலையத்துக்கு 43 மீட்டர் இறங்கினார்கள். இதெல்லாம் கோடு போட்டு வேலை செய்ததால் முடிந்தது.

என் சுரங்கப் படிப்பு முழுசாகப் பயன்பட்டது ஜூரோங் தீவில். கடலுக்கு அடியில் பாறையைக் குடைந்து எண்ணெய் வைக்கும் குகைகள். 2014 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திறந்துவைத்தார். முதல் கட்டத்தில் ஐந்து குகைகள், 14.7 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு, ஒவ்வொன்றும் ஒன்பது மாடி உயரம். மேலே 60 ஹெக்டேர் நிலம் மிச்சமாயிற்று. அந்தக் குகைகளுக்கு இரும்பு உறை கிடையாது. எண்ணெய் கசியாமல் தடுப்பது தண்ணீர். குகைக்கு மேலே துளைகள் போட்டு அழுத்தத்தோடு நீர் ஊட்டுகிறார்கள். பாறை விரிசல்களில் நீர் எப்போதும் குகையை நோக்கியே வரும், எண்ணெய் வெளியே போக வழியில்லை. வாழ்நாள் முழுக்கச் சுரங்கத்தில் தண்ணீரோடு சண்டை போட்டவனுக்கு, தண்ணீரையே காவலுக்கு வைத்ததைப் பார்த்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது, முன்பே தோன்றவில்லையே என்று. ஆனால் வெடி வைத்து, புகை கலைந்து, முதலில் உள்ளே போகிறவன் செய்வது ஜாரியாவில் செய்ததேதான். கூரையைத் தட்டுவது.

வேலை பார்த்த நிறுவனத்தில் நான் மேலே வந்த கதையில் பெரிதாகச் சுவாரசியம் இல்லை. முகப்பிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து டெண்டர் மேசை, பிறகு இந்த வட்டாரத்துக்கே பொறுப்பு. மேசையில் நடப்பது ஒரே சண்டை: தெரியாத மண்ணுக்கு யார் காசு கொடுப்பது? குறைந்த விலை போட்டு வேலையைப் பிடித்துவிட்டு, பிறகு மண்ணைக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆட்களும் செய்திருக்கிறார்கள். அந்த விலையில் முதலில் வெட்டு விழுவது இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கிற நேரத்துக்கு. ஆகவே என் கீழ் வேலைக்குச் சேரும் பட்டதாரிகள் எல்லோரையும் முதல் வருடம் இரவு ஷிப்டில் போட்டேன். சிலர் ஓடிவிட்டார்கள். இருந்தவர்கள் நன்றாக வந்தார்கள்.

ஒரு காரியம் மட்டும் என்னால் ஆகவில்லை. அறந்தாங்கித் தம்பிக்கு ஒரு காகிதம் வாங்கித் தர முடியவில்லை. சிங்கப்பூரிலும் படிகள் உண்டு: பேசிக் ஸ்கில்டு, ஹையர் ஸ்கில்டு. ஏறினால் முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி குறையும், சம்பளம் கொஞ்சம் கூடும். மண்ணைப் படிக்கத் தெரிந்தவர், இயந்திரத்தை நிறுத்து என்று சொல்லும் உரிமை உள்ளவர் என்று அந்தப் படி சொல்லாது. பதினைந்து, இருபது வருடம் கிரானைட்டிலும் களியிலும் கிடந்துவிட்டு ஊர் திரும்புகிறவர், அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு முன்னாள் பெர்மிட்காரர் மட்டுமே. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் மாட்டிக்கொண்டபோது, பெரிய இயந்திரம் உடைந்து, கடைசி சில மீட்டரைக் கையால் குடைந்து அவர்களை எட்டியது எலிவளைச் சுரங்கக்காரர்கள். நாடே கைதட்டியது. அவர்கள் கையிலும் காகிதம் இல்லை.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரத்தில் நீலகிரி, கடற்கரைப் பக்கம் ஃபிளமிங்கோ என்று பெயர் சூட்டி இயந்திரங்களை இறக்கினார்கள். அவற்றை ஓட்டத் தெரிந்த கைகள் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் சும்மா இருக்கின்றன, அல்லது மளிகைக் கடை வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் நான் கேட்பது இதுதான்: சுரங்கச் சட்டத்தில் இருக்கும் சர்தார் பரீட்சையைப்போல் சுரங்கப்பாதைக்கும் ஒரு தேர்வு வையுங்கள். செய்முறையும் வாய்மொழியும் போதும், தமிழில் நடத்துங்கள், பாஸ் ஆனவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். கேள்வி தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் செலவு கொடுத்தால் போதும்.